கைதட்டுக்கு முந்தி விழுந்த அறை

எனக்கு வாயைவிடக் கை முந்தும். ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் லைனில் வேலை. அங்கே கையை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் எடுத்துக்கொள்ளும். வெளியே வந்தால் எனக்கு அந்தப் பயமும் கிடையாது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒருநாள் அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். குடித்திருந்தார், அம்மாவைக் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார், அதெல்லாம் உண்மைதான். அவருடைய முன்பல் உடைந்து என் காலடியில் விழுந்ததும் உண்மை. அன்றைக்கே கிளம்பி வந்து ஒரகடத்தில் ரூம் எடுத்தேன்.

இதை ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். என் ரூம்மேட், நாகர்கோவில் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். லைனில் என் பக்கத்து மெஷின். ரூமுக்குப் பின்னால் இருந்த தகரக்கூரைக் கிறிஸ்தவச் சபைக்கு என்னை இழுத்துப்போனவனும் அவன்தான். "அண்ணே, ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா? உங்களுக்காக ஜெபிக்கேன்" என்று ஒருநாள் கேட்டான். சொன்னேன். வெளியே விடாதே என்றும் சொன்னேன்.

மே மாதம் சபை வாலிபர்கள் நான்கு நாள் ஊழிய முகாம் நடத்தினார்கள். லீவு போட்டுவிட்டு நாங்களும் சேர்ந்தோம். இரண்டாம் நாள் காலை, வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக ஜெபித்தபோது என் ரூம்மேட் உருகி உருகி ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, பெத்த தகப்பனைக் கைநீட்டி அடிச்சு, பல்லை உடைச்ச எங்க அண்ணனை மன்னியும்ப்பா..."

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வசதி. புறம்பேசினால் பாவம், அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபம். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவன் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை, கன்னத்தில் கண்ணீர் வழிய எனக்காக அழுதுகொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே தெருநாடகம். திருடர் கையில் அடிபட்டு வழியில் கிடப்பவனை, கோயில்காரர்களான ஆசாரியனும் லேவியனும் கண்டும் காணாமல் விலகிப்போக, யாரோ ஒரு வேற்றினத்தான் தூக்கிக் காப்பாற்றுகிற பைபிள் உவமை. நான் திருடன். அடிபடுகிறவன் என் ரூம்மேட். உண்மையில் அடி கிடையாது. நான் கையை வீசினால் அது கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். பின்னால் நிற்பவன் அதே நேரம் படாரென்று கைதட்டுவான், ரூம்மேட் விழுவான். முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தோம்.

கைதட்டுபவன் தட்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

முதல் அறையிலேயே அவன் உதடு கிழிந்தது. "அண்ணே, பட்டுட்டு" என்றான் மெதுவாக, நான் கை தவறி அடித்துவிட்டேன் என்று நினைத்து. அந்தக் குரல் எனக்கு இன்னும் வெறியேற்றியது. முட்டியால் வயிற்றில் இடித்தேன். குனிந்தவனின் முதுகில் முழங்கையை இறக்கினேன். கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தேன், இரண்டு தடவை. எங்கள் ஆட்கள் பிரமாதமான நடிப்பு என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைதட்டுபவன் பாவம், ஒவ்வொரு அடிக்கும் தாமதமாகத் தட்டிக்கொண்டே இருந்தான். சொல்லவே கூசுகிறது, அடிக்க அடிக்க எனக்கு நன்றாக இருந்தது.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று அப்போதுதான் நின்றது. நீல யூனிஃபார்மில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார்.

"டேய், இன்னாடா ஒர்த்தன போட்டு இந்தமாரி மிதிக்கிற?"

நான் நிமிர்வதற்குள் சாப்பாட்டுப் பையைச் சுழற்றி முகத்தில் அடித்தார். உள்ளே எவர்சில்வர் டிபன் பாக்ஸ். புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. பஸ்ஸிலிருந்து இன்னும் நாலைந்து பேர் குதித்தார்கள். "நாடகம்ணா, நாடகம்!" என்று யாரோ கத்தினார்கள். பெட்ஷீட் போர்த்தி நின்ற ஆசாரியனும் லேவியனும் நாடகத்தில் உள்ளபடியே விலகிப்போனார்கள், ஓட்டமாக. என்னைத் தார் ரோட்டில் தள்ளி ஷூக்காலால் உதைத்தார்கள். எதையாவது பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். முதலில் அடித்தவரின் ஐடி கார்டு அறுந்து என் கையோடு வந்தது. அவரோ அதைக் கவனிக்காமல் போய் என் ரூம்மேட்டின் தலையை மடியில் வைத்து, தன் பாட்டில் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஷேர் ஆட்டோவை நிறுத்தி அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எனக்கு ஐந்து தையல். ரூம்மேட்டுக்கு விலாவில் கட்டு. சாயங்காலம் சபையில் எனக்கு மாலை போடாத குறைதான். "கர்த்தருக்காக ரத்தம் சிந்திட்ட தம்பி" என்றார் முகாமை நடத்திய அண்ணன். கிறிஸ்தவர்கள் என்பதால் அடித்தார்கள் என்று புகார் எழுதி வைத்திருந்தார். ஐடி கார்டோடு சேர்த்து அந்த ஆளின் கம்பெனியில் கொடுப்பதாக ஏற்பாடு. கார்டில் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று போட்டிருந்தது. புகார் போனால் மறுநாளே அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். லைனில் நிற்கிற எனக்கு இது தெரியாதா? என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஜெபிச்சிட்டு கையெழுத்துப் போடுவோம்" என்று அண்ணன் என் ரூம்மேட்டைப் பார்த்தார்.

செத்தேன் என்று நினைத்தேன். இவன் வாயில் எதுவும் நிற்காது. உதடு வீங்கி, மூச்சுக்கு மூச்சு விலாவைப் பிடித்துக்கொண்டு அவன் ஆரம்பித்தான். "ஆண்டவரே, எங்க அண்ணன்..." அதோடு நின்றுவிட்டான். எல்லோரும் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்கள். "ஆமென்" என்று முடித்துவிட்டான்.

காட்டிக்கொடுத்திருந்தால் இல்லை என்று சாதித்திருப்பேன், ரூமுக்குப் போய் இன்னொரு தடவை அடித்தும் இருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நானே குடுத்துட்றேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அதே நேரம், அதே பாலத்தடி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் என்னைக் கண்டதும் சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்தார். கார்டை நீட்டினேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"கார்டு இல்லன்னு கேட்ல எழுதி வாங்கிக்கினுதான் இன்னிக்கி உள்ள வுட்டான். அது கெடக்கட்டும். நாடகம்னு அந்தப் பையன் ஆஸ்பத்திரில சொன்னாம்பா. தெரியாம கைய வெச்சிட்டேன். மனசுல வெச்சிக்காத" என்று என் தையலைத் தொட வந்தார்.

"நாடகம் இல்லண்ணா. நெஜமாத்தான் அடிச்சேன்" என்றேன்.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ இன்னும் ரெண்டு போட்ருக்கணும் உன்ன."

"ஆமாண்ணா" என்றேன். அந்த முகாமில் நான் மனசாரச் சொன்ன ஆமென் அது ஒன்றுதான்.