ஐம்பது கிலோ உப்பும் பதினெட்டு கத்தரிச் செடியும்

இன்றைக்கு ஜும்மாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் விருந்து!

விருந்தாளி, நீர்கொழும்பில் இருக்கும் என் மதினி. அதாவது என் கணவரின் அக்கா.

போன மாதம் என் வீட்டுத்தோட்டத்துக் கத்தரிச் செடிகளைப் படம் எடுத்து இங்கே போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டீர்கள். மதினி மட்டும் கீழே வந்து எழுதினார்:

"கடையில வாங்கி செடியில கட்டித் தொங்கவிட்ட மாதிரி இரிக்கே!"

(சிரிக்கிற முகம் மூன்று போட்டிருந்தார். கோபப்படவும் வழியில்லை!)

நானும் விடவில்லை. "எங்கட மாம்புரிக்கு வந்து உங்கட கையால பறிச்சுப் பாருங்க மதினி" என்று பதில் போட்டேன். அவரும் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இனித்தான் உப்புக் கதை.

எங்கள் வீட்டில் உப்புச் செலவு அதிகம். என் கணவர் கண்டக்குழியில் இருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். மிஞ்சும் மீனை நான் கருவாடு போடுவேன். தேசிக்காய் ஊறுகாயும் போடுவேன். பாக்கெட் உப்பு வாங்கினால் கட்டுபடியாகுமா? அதனால் பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தாவும் நானும் சேர்ந்து, உப்பளத்தில் இருந்து ஆளுக்கு ஐம்பது கிலோ கல்லுப்பு மூட்டை எடுத்தோம்.

வருடம் முழுக்கக் கவலை இல்லை!

புது உப்பு கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். உப்பு விளைகிற புத்தளத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? குசினிச் சீமெந்துத் தரை பழுதாகிவிடும் என்று மூட்டையை வெளியே, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்தேன். வடிகிற தண்ணீர் அங்கே இருக்கும் வாய்க்காலில் போய்விடும்.

என்ன மூளை எனக்கு!

அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

அது நேரே என் கத்தரிப் பாத்திக்குப் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர்கூட வீணாகக் கூடாது என்று நானே மண்வெட்டி பிடித்து வெட்டிய வாய்க்கால்!

ஒரு கிழமையில் இலை ஓரமெல்லாம் கருகியது. ஏதோ நோய் என்று வேப்பெண்ணெய் அடித்தேன். பிறகு வெயில்தான் காரணம் என்று வாய்க்காலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். வழியில் கிடந்த உப்பையெல்லாம் கரைத்து நானே வேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்!

பதினெட்டுச் செடியில் நாலு பட்டுப்போனது. மதினி வர இன்னும் ஐந்து நாள்தான். பாத்தி ஓரத்தில் இருந்து அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடையில் வாங்கிக் கட்டித் தொங்கவிடலாமா என்றுகூட யோசித்தேன். (மதினி மன்னிக்க!)

அந்த நேரம்தான் பரீனா ராத்தா வந்தார். பாத்தியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். குனிந்து வாய்க்கால் மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"என்ன புள்ள, செடியிலயே கறியாக்கப் போறியா? உப்பு தூக்கலா இரிக்கு!"

"அல்லாஹ்! எல்லாம் போச்சா ராத்தா?"

"போகல்ல. நம்மட மண் மணல்தானே. கிணத்துத் தண்ணிய நல்லா விட்டு அலசு, உப்பு கீழ எறங்கிரும். முதல்ல அந்த மூட்டைய எடு!"

மூட்டை குசினிக்குள் போனது, அடியில் ஒரு பேசினோடு. நான் காலையும் மாலையும் மோட்டர் போட்டுப் பாத்தியை அலசினேன். கடலால் திரும்பி வந்த என் மனுசன் நின்று பார்த்தார்.

"கடல்லதான் உப்புத் தண்ணி எண்டு பாத்தா, வீட்டிலயும் அதே கதைதானா?"

கேலி பண்ணிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டி, என் கையில் இருந்த ஹோஸை வாங்கிக்கொண்டார். அந்த நேரம் அவர் மேல் வந்த அன்பை இங்கே எழுத முடியாது. (மதினி வாசிப்பார்!)

தினமும் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தேன். (இதைப் படம் எடுக்கவில்லை!) புதன்கிழமை உப்புத் தெரியவில்லை. நேற்று ஒரு செடியின் நுனியில் புதுத் தளிர்!

மொத்தம் ஏழு செடி போய், பதினொன்று தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்!

இன்று காலை மதினி வந்து சலாம் சொன்ன கையோடு தோட்டத்துக்குப் போனார். ஒரு காயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். (நூல் தேடினார் என்பது என் சந்தேகம்!)

"உண்மையாவே செடியில காச்சதுதான்! நான் தோத்துட்டன்."

அவர் கையாலேயே பறித்த காயில் நல்ல தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினேன். சாப்பாட்டு மேசையில் மதினி முதல் வாய் வைத்ததும் நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"கத்தரிக்கா பட்டர் மாதிரி கரையுது! ஆனா..."

"ஆனா என்ன மதினி?"

"உப்பு போட மறந்துட்டீங்களா?"

குசினியில் ஒரு மூட்டை உப்பு. கறியில் ஒரு கல் இல்லை!

ஐந்து நாளாக உப்பைத் துரத்தின கை, சட்டிக்கும் போடவில்லை. மேசையில் இருந்த எல்லோரும் சிரித்த சிரிப்பு பரீனா ராத்தா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இப்படிக்கு, மூட்டை இன்னும் பாதிகூடக் குறையாத நான். மாம்புரிப் பக்கம் வருகிறவர்கள் ஒரு பேக் கொண்டு வாருங்கள், உப்பு தருகிறேன்.

கத்தரிக்காய் மட்டும் கேட்காதீர்கள். மிச்சத்தையெல்லாம் மதினி பறித்துக்கொண்டு போய்விட்டார்!