கேன் கழுவின தண்ணிக்கு மார்க்

ஒரு தரம் ஓடின தண்ணியைச் சுத்தம் பண்ணி மறுபடி ஓடவிட்டால் கட்டடத்துக்கு மார்க் உண்டு. அதை வாங்கித் தருவதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் பரீட்சைக்குத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகமா நீங்களும்? வாருங்கள், நம்ம ஆள்தான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு தனியார் பால் பண்ணை. கேன் கழுவின தண்ணியைச் சுத்திகரித்து, தோட்டத்துக்கும் கக்கூஸுக்கும் விட ஏற்பாடு. அது ஓடுவதை மீட்டர் காட்டினால் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ். காட்டாவிட்டால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று திருச்சி ஆபீஸில் மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் கைக்குழந்தை. தூக்கம் எங்கே வரும்?

பொட்டு வைத்த மீட்டர்

மாதாமாதம் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆயுத பூஜை முடிந்து போனால், மீட்டர் கண்ணாடி முழுக்கச் சந்தனம், நடுவில் அகலமாகக் குங்குமம். ஒரு நம்பர்கூடத் தெரியவில்லை. துடைக்கலாம் என்று கைக்குட்டையை எடுத்தேன். சூப்பர்வைசர் செல்வராஜ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜை போட்டத தானா உதிர்ற வரைக்கும் தொடக்கூடாதுங்க. மோட்டாருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களா சார் பதில் சொல்லுவீங்க?"

பச்சைப்பசேல் தோட்டம்

உதிர்ந்தது. உதிராமலே இருந்திருக்கலாம். போன மாத நம்பர் அப்படியே நிற்கிறது, கொசுறுபோல ஏதோ கூடியிருக்கிறது. தோட்டமோ பச்சைப்பசேல் என்று இருக்கிறது! தோட்டவேலை பார்க்கும் சின்னப்பொண்ணு அக்காவைக் கேட்டேன். போர்வெல் தண்ணிதான் பாய்ச்சுகிறேன் என்று கூசாமல் சொன்னார். ஏன்க்கா இப்படி என்றால், வாசல் கேட் ஓரம் இருக்கிற பிள்ளையாருக்குத் தினமும் அரளிப்பூ இங்கிருந்துதான் போகிறதாம்.

"கேன் கழுவுன தண்ணியில பூத்தத எடுத்து எப்புடி தம்பி சாமிக்கு வைக்கிறது?"

பெரிய மனிதர் வந்தார்

அரளிப் பாத்திக்கு மட்டும் போர் தண்ணி, புல்லுக்கும் மரத்துக்கும் நம்ம தண்ணி என்று கெஞ்சிக் கூத்தாடி முடித்துவைத்தேன். மீட்டரும் ஓட ஆரம்பித்தது. அப்புறம் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். கக்கூஸ் லைன் மீட்டர் முன்னால் நின்றுகொண்டு, உள்ளே ஃப்ளஷ்ஷை அழுத்தச் சொன்னார். தண்ணி கொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, மீட்டர் அசையவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை.

செல்வராஜைத் தனியே இழுத்துக் கேட்டேன். காலையிலேயே வால்வைத் திருப்பிப் போர் தண்ணி விட்டிருக்கிறார் மனுஷன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெரியவருக்குப் போய் அந்தத் தண்ணியை விட்டால் மரியாதையா என்று என்னையே கேட்டார். வால்வைத் திருப்பினோம், மீட்டர் ஓடியது. அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச மாதம் ரீடிங் அனுப்பச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"தண்ணி சுத்தமாத்தான் இருக்கு சார். ஆனா உங்க ஆளுங்களே நம்பலியே, நான் எத நம்பி மார்க் போடுறது?"

இப்போதெல்லாம் பண்ணைக்குப் போனால் எல்லார் எதிரிலும் அந்தத் தண்ணியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மார்க் இன்னும் வரவில்லை, வேலை இன்னும் போகவில்லை, குதிகால் மட்டும் பளபளவென்று இருக்கிறது.