திங்கட்கிழமை விசுவாசி

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைக் கேட்டு, வாசலில் பாஸ்டரின் கையைக் குலுக்கி, "இன்னைக்குச் செய்தி ரொம்ப ஆசீர்வாதம் ஐயா" என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்கும்போதே அதை மறந்துவிடுவது அந்தச் சபையாரின் நல்வழக்கம். சபை இத்தனை காலம் சண்டை சச்சரவில்லாமல் நடந்ததற்கு அதுதான் காரணம்.

இந்த ஒழுங்கைக் கெடுக்க ஒரே ஒருவர் இருந்தார். பூட்டுச் சாவி பழுதுபார்க்கிறவர். ஞாயிறு கேட்ட வசனத்தைத் திங்கள் காலையிலேயே செய்து பார்த்துவிடுவார். அதனால் சபையில் அவருக்குத் 'திங்கட்கிழமை' என்றே பெயர்.

ஒரு மைல் கூப்பிட்டால் இரண்டு மைல் போ என்று பிரசங்கம் நடந்த வாரம், பஸ் நிறுத்தத்துக்கு வழி கேட்ட பெரியவர் ஒருவரை அதற்கடுத்த நிறுத்தம் வரை கூட்டிப்போனார். இரண்டு இடத்திலும் பஸ் போய்விட்டிருந்தது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வாரம், சாவிக்கு அரம் போடும்போதே முயன்றார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கட்டைவிரலில் கட்டோடு வந்தார்.

ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய கடை அவருடையது. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் வெட்டாத சாவி, மேசையெல்லாம் பித்தளைத் தூள். சாவி தொலைந்த பீரோவைத் திறக்க வீடு வீடாகக் கூப்பிடுவார்கள். பூட்டு 'டக்'கென்று விட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஊரில் பாதிப் பீரோக்கள் அவருக்குத் தெரியும். ஒன்றின் உள்ளே இருந்ததும் தெரியாது.

இப்பேர்ப்பட்ட உத்தமர் வீட்டில் ஒரே ஒரு பொய் குடியிருந்தது. மனைவியின் பாட்டு.

அந்த அம்மாள்தான் ஆராதனையில் தனிப்பாட்டுப் பாடுகிறவர். குரலில் குறை சொல்ல முடியாது. சுருதி மட்டும் அதோடு மனஸ்தாபப்பட்டுத் தனிக்குடித்தனம் போய் ரொம்ப நாளாகிறது. தினமும் சமையலறையில் பாடிப் பழகுவார். முடித்ததும் தலையை நீட்டி, "எப்படிங்க இருந்துச்சு?" என்பார். பூட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டுவார். கல்யாணமான மறுவாரம் ஆட ஆரம்பித்த தலை.

அப்படியிருக்க ஒரு ஞாயிறு பாஸ்டர், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட வேண்டும் என்று பிரசங்கித்துவிட்டார். திங்கள் காலை பூட்டுக்காரர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நேரே மச்சானிடம் போனார். மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சபையின் ஜெபக்குழுத் தலைவர். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

"மச்சான், ஒரு பாவத்த அறிக்கை பண்ணணும்."

மச்சான் கடைக்கதவைச் சாத்தினார். முகத்தில் பொங்கிய ஆவலை அவசரமாகப் பாரமாக மாற்றிக்கொண்டார். "சொல்லுங்க மாப்ள. யாரு அவ?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. உங்க தங்கச்சி பாட்டு."

"பாட்டுக்கு என்ன?"

"நல்லாருக்கு நல்லாருக்குன்னு தலையாட்டிட்டே வர்றேன். நல்லால்ல மச்சான். காதுல அரம் போடுற மாதிரி இருக்கு. பொய்தானே இது?"

மச்சான் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு அவர் தோளைத் தட்டினார். "இவ்வளவுதானா! போங்க, நிம்மதியா இருங்க. இது உங்களுக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்."

ஆண்டவர் யாரிடமும் சொல்லவில்லை.

மச்சானும் புறங்கூறுகிறவர் அல்ல. புறங்கூறுவது பாவம் என்று அவரே பலமுறை போதித்திருக்கிறார். ஆகையால் ஜெபக்குறிப்பாகக் கொடுத்தார். அன்று மதியமே சபையார் அத்தனை பேர் கைபேசியிலும் அவர் குரல் உருக்கமாக ஒலித்தது: "பிரியமானவங்களே, ஒரு சகோதரருக்காகப் பாரத்தோட ஜெபிப்போம். பேர் சொல்ல விரும்பல. சாவிக்கடை வச்சிருக்காரு. மனைவியோட பாட்டத் தாங்க முடியாம ரொம்ப நாளா போராடிட்டு இருக்காரு."

சபை முழங்காலில் நின்றது. இவ்வளவு ஊக்கமான ஜெபம் அங்கே நடந்து வெகு காலமாகியிருந்தது. ஒருவர் பூட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் கொஞ்சம் பஞ்சு.

அந்தக் கைபேசிக் குழுவில் சேராத ஒரே ஆள் பூட்டுக்காரர் மனைவி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு, "உன் பாட்டுக்காக நான் உபவாசம் இருக்கேம்மா" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஒரே கேள்விதான் கேட்டார்: "நெசமா?"

பூட்டுக்காரருக்கு அப்போதும் கண்ணை மூடத்தான் வந்தது. மூடாமல், "ஆமா" என்றார்.

அதோடு வீட்டில் பாட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தனிப்பாட்டு நேரத்தில் ஆர்கன் மட்டும் வாசித்தது. அன்றைக்கென்று பார்த்துப் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சபை மொத்தமும் திரும்பித் 'திங்கட்கிழமை'யைப் பார்த்தது.

பாவம், அவரும் மறுநாள் போனார்.

"உங்கள மன்னிக்க வந்திருக்கேன் மச்சான்."

"என்னையா? எதுக்கு?" மச்சானுக்கு மெய்யாகவே விளங்கவில்லை. "சபையே உங்களுக்காக அழுது ஜெபிச்சுது. ஒரு நன்றி சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"யாருக்கும் தெரியாதுன்னீங்களே."

"பேரச் சொன்னேனா?" என்றார் மச்சான். பிறகு கொஞ்சம் யோசித்து, முகம் மலர்ந்து, "சரி, மன்னிச்சிட்டீங்கல்ல? இத சபையில நல்ல சாட்சியா சொல்லலாம் மாப்ள. பேர் சொல்ல மாட்டேன்" என்றார்.

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன மன்னிச்சிட்டேன்."

"அவர எதுக்கு மன்னிக்கிறீங்க? சின்ன வயசுல இருந்தே அவர் வாய்க்குப் பூட்டு கெடையாது. தெரிஞ்ச கதைதானே." ஒரு சட்டையை உதறினார். "நீங்கதான் ஊரான் வீட்டுப் பீரோவுக்கெல்லாம் முகத்தத் திருப்புறவரு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும்னாங்களே, அந்த ஒருத்தர் நான் இல்லையா? எங்கிட்ட சொல்லாம எங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லணும்னு எந்த வசனத்துல இருக்கு?"

ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை பூட்டுக்காரர் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு வசனம் இல்லை.

"என்ன மன்னிச்சிடு. மறுபடியும் பாடு."

"பாடினா நல்லாருக்குமா?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். "சுருதி சேரல" என்றார். "சேரலன்னாலும் பாடு."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, யார்கிட்டயாவது போய்க் கத்துக்கிட்டிருப்பேன். இத்தன பேரு முன்னால வருஷக்கணக்கா என்ன நிக்க வச்சு வேடிக்க பார்த்திருக்கீங்க." மடித்த துணியை அவர் மடியில் வைத்தார். "மன்னிக்கணும்னு நேத்து பிரசங்கத்துல நானும்தான் கேட்டேன். உங்கள மாதிரி எனக்குத் திங்கட்கிழமைக்குள்ள வராது."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்பக்கம் பூட்டு விழுந்தது. பூட்டுக்காரரே வாங்கி, தன் கையாலேயே பொருத்திய பூட்டு. ஒரு வளைந்த கம்பி போதும் திறப்பதற்கு. பூட்டுக்காரர் மடியில் துணியோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து பாட்டு வந்தது. மெல்லிய குரல், அதே சுருதி. பழக்கதோஷம், தலை ஆட ஆரம்பித்தது. பூட்டுக்காரர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினார்.