கஞ்சி நூல் அடைத்த படகு

புதுத் துண்டை என் மனைவி ஆற்றில் முக்கினாள். கஞ்சி கரைந்து வெள்ளையாக ஓடியது. அதுவரை விறைப்பாக இருந்த துண்டு அவள் கையில் துவண்டு தொங்கியது. முதல் நடைக்குத் துறையில் காத்திருந்த படகைத் திரும்பிப் பார்த்தேன்.

உலகச் சண்டைக் காலம் அது. சேலத்திலிருந்து நூல் வராமல் எங்கள் ஊர்த் தறிகள் ஓய்ந்து கிடந்தன. காவிரியில் ஆள் ஏற்றும் பழைய படகின் அடிப்பலகையைச் செப்பனிட வந்த ஆசாரியிடம், நெசவாளியான நான் கூலிக்குச் சேர்ந்தேன். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த படகில் மக்கிய பலகைகளை அவர் மாற்றுவார். பலகை இடுக்குகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை மொட்டை உளியால் நான் அடித்து இறக்குவேன். மேலே அவர் குங்கிலியம் பூசுவார். கடைசி இடுக்குக்குப் பஞ்சு தீர்ந்துபோயிற்று. அவரைக் கேட்காமல், வீட்டில் மிஞ்சிக் கிடந்த கஞ்சி போட்ட பாவு நூலைக் கொண்டுவந்து அடைத்தேன். கச்சிதமாய் உட்கார்ந்தது. பஞ்சைவிட இதுவே மேல் என்றுகூட நினைத்தேன். நெசவாளி புத்தி. தறியில் கஞ்சிதான் நூலுக்கு உயிர். தண்ணீரில்?

படகில் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு முதல் நடை போகவேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். ஆசாரியும் அவர் மனைவியும் ஏறிவிட்டார்கள். ஆறு மாதமாய்ப் பிள்ளை சுமந்திருந்த என் மனைவியும் துண்டைப் பிழிந்துகொண்டே ஏறிவிட்டாள். நான் மணலிலேயே நின்றேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"ஏஞ்சாமி, அடைச்சவனே ஏறப் பயந்தா நாங்க நீந்தியா போறது?" என்றார் துறைக்காரர். கரை முழுக்கச் சிரிப்பு. ஏறிவிட்டேன்.

நடு ஆற்றில், என் மனைவியின் பாதத்தருகே பலகை வியர்த்தது. பிறகு வெள்ளையாய் ஒரு கோடு. அக்கரை நகர்ந்து நகர்ந்து தள்ளிப் போவதுபோல் இருந்தது. ஆசாரி அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுக்கில் திணித்துக் குதிகாலால் மிதித்துக்கொண்டார்.

"சித்த தள்ளி உக்காரு தாயி, காலு மரத்துப்போச்சு" என்றார் அவளிடம்.

கரை வரும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

பெண்கள் இறங்கி நடந்ததும் ஆசாரி கேட்டார். "நூலு உன்ற ஊட்டுதா?"

"ஆமாங்க."

"உன்ற ஊட்டுக்காரிகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்லமாட்டேன்."

பெண்களைப் பரிசலில் அனுப்பிவிட்டு, அன்றைக்கே அந்த இடுக்கைக் குடைந்தெடுத்தோம். என் உளி இரண்டு முறை நழுவியது.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. நாமக்கல் போகும்போதெல்லாம், பஸ் அதில் ஏறியதும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். பின்சீட்டில் மகன் தூங்குகிறான்.

"பாலத்துல என்னங்க பயம்?" என்கிறாள் பக்கத்தில் இருக்கும் மனைவி.

இப்போதும் ஒன்றுமில்லை என்கிறேன். பஸ் இன்னும் பாதிப் பாலம்தான் தாண்டியிருக்கிறது.