சேர்த்துப் புரட்டிய தாள்கள்

கிள்ளானில் நாங்கள் போகும் நூலகத்தில், பிள்ளைகளின் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கிழிசல், கிறுக்கல், பிஸ்கட் கறை எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை கவுண்டரில் நிம்மதியாகத்தான் நின்றேன். என் மகள் புத்தகத்தில் கிறுக்குகிறவள் இல்லை.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவள் அப்பா துறைமுகத்திலிருந்து ஜொகூருக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நெடுஞ்சாலை விபத்தில் அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு அது தெரியாது. காரியமெல்லாம் முடியும்வரை அவளைச் செமினியில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். "சின்னப் புள்ள, ஏங்கிப் போயிடும். இப்ப சொல்ல வேணாம்" என்றாள் அக்கா.

பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள்.

"அவுட்ஸ்டேஷன்" என்றேன். அவர் உயிரோடு இருந்தபோதும் வாரத்தில் பாதி நாள் வெளியூர் ஓட்டம்தான், அதுதான் பதில். பொய் சொல்ல எனக்குப் புதிதாக ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

மாலை போட்ட படத்தை மேருவில் மாமியார் வீட்டிலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வேறு வழி தெரியவில்லை, மறைத்தேன்.

அவள் விரும்பி எடுத்த படப்புத்தகம் ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பத்தின் கதை. மலாய் மொழியில் இருந்ததை நான் தமிழில் சொல்வேன். மரப்பொந்துக்குள் அம்மாவும் குஞ்சும் இருக்கும். அப்பா பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். நடுவில் ஒரு பக்கத்தில் அந்த அப்பா பறவை மழையில் நனைந்து மரத்தடியில் விழுந்து கிடக்கும். முதல் நாள் நூலகத்திலேயே அதைப் பார்த்துவிட்டேன். வேறு புத்தகம் எடு என்றால் கேட்கிற பிள்ளையா அவள்? பிடிவாதத்தில் அப்படியே நான்தான். அதனால் அந்த இடம் வரும்போது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். "அப்பா பறவை ரொம்ப தூரம் போயிருக்கு" என்று நானே ஒரு வரி போட்டு நிரப்புவேன். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

தவணை முடிகிறபோதெல்லாம் அதே புத்தகம்தான் வேண்டும் என்பாள். எரிச்சலாக வரும். இருந்தும் போனிலேயே தவணையை நீட்டிக்கொள்வேன். கடைசியில் வேறு யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கொண்டுபோனோம்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பாதியில் புரட்டுவதை நிறுத்தினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, யார் வரைந்தது என்று மெதுவாகக் கேட்டார். நீலக் கலர் பென்சில்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "லைப்ரரி புக்குல கிறுக்குவியா நீ? எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அது நான் ஒருநாளும் அவளுக்குக் காட்டாத பக்கம். விழுந்து கிடந்த பறவைக்குப் பக்கத்தில் ஒரு லோரி நின்றது. பின்னால் நீளப் பெட்டி, பெட்டிக்கு அடியில் நிறையச் சக்கரங்கள்.

புத்தகத்தோடு அவளைச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தேன். "இந்தப் பக்கத்த எப்பம்மா பாத்த?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"இது யாரு லோரி?"

"அப்பாவோடது. அப்பாவும் இப்படித்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரியம்மா போன்ல சொன்னாங்க. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டாங்க."

செமினியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அப்புறம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவள் பாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்மா. நீங்கதான் எப்பவும் அவுட்ஸ்டேஷன்னு சொல்றீங்க. சொன்னா அழுவீங்கல்ல."

ஏழு மாதம் அந்தப் பிள்ளை எனக்காக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. என்மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தெரியும்மா" என்றேன். "அப்பா செத்துட்டாரு."

அதை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.