மூன்று மணி நேரத் துபாய்

துபாய்க்கும் பம்பாய்க்கும் மூன்று மணி நேரம் என்று என் தலையில் ஏற்றியவர் என் வீட்டுக்காரர்தான். கல்யாணமான நாலாவது மாதமே கிளம்பிவிட்டார். அப்போது நான் முழுகாமல் இருந்தேன்.

"ஏட்டி, ஏன் அழுதுக்கிட்டு நிக்கே? பிளேன்ல மூணே மணி நேரம். நம்ம ஊர்ல இருந்து பஸ்ல மதுரைக்குப் போற நேரந்தான்."

"அப்போ பிள்ளை பொறக்கையில வந்துருவியளா மச்சான்?"

"வராம? பாங்கு நாந்தான் சொல்லுவேன்."

பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். அது கேட்கும் முதல் குரல் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மற்றபடி நான் ஏமாளி இல்லை. மீன்காரர் தராசில் விரலை வைத்தால் அந்த இடத்திலேயே மானத்தை வாங்கிவிடுவேன். இந்த விஷயத்தில் மட்டும் எப்படியோ சுத்த மடைச்சியாகிவிட்டேன். சாயங்காலம் மதுரை பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால், இந்நேரம் ராஜபாளையம் தாண்டியிருக்கும், திருமங்கலம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரும் அவ்வளவு தூரத்தில்தானே இருக்கிறார் என்று மனது கொஞ்சம் ஆறும். பம்பாயிலிருந்து இங்கே வர ரயிலில் நாள்கணக்கில் ஆகும் என்பதோ, முதலாளி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தால்தான் பிளேன் ஏறவே முடியும் என்பதோ எனக்கு உறைக்கவில்லை.

உம்மா வீட்டில் எனக்கு வலி கண்டதும் தந்தி அடித்தார்கள். வலி விட்டு விட்டு வந்தது. விட்ட நேரமெல்லாம், "மச்சான் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"தந்தியே இன்னும் அங்கன போயிருக்காதே மக்கா" என்றார் உம்மா.

பெண் குழந்தை. பாங்கு சொல்ல வாப்பா வந்து நின்றார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றேன்.

"பச்சைப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்னட்டி அடம்? அல்லாவோட பேரு காதுல விழாமலா கெடக்கும்?"

கொடுத்தேன். வாப்பாவுக்கு நல்ல குரல். எனக்கு அழுகை அடங்கவே இல்லை.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்த பிறகு, லீவில் வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் சென்ட் பாட்டிலோடு ஒரு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கிப் போட்டோம்.

"லீவு கேட்டேன், தரமாட்டேங்கான். பாங்கைப் பதிஞ்சு அனுப்புதேன். பிள்ளை காதுகிட்ட வையி."

வைத்தேன். பாங்கு சொல்லும்போது நடுவில் அவருக்குக் குரல் உடைந்தது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பாங்கு முடிந்தும் அவர் டேப்பை நிறுத்த மறந்திருக்கிறார். ஒரு இருமல். நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு வெறும் மூச்சு மட்டும், கிட்டத்தில் இருப்பதுபோல. நான் பெட்டியை என் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சிட்டாட்டி?" என்று உம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்ல உம்மா, இன்னும் பேசுதாக" என்றேன்.