வல்லம் செம்மண் மேட்டில் பின்தங்கிய இருவர்

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகித் தஞ்சாவூர்ப் புறநகரில் தனியாகக் குடியேறி மூன்று மாதமாகியிருந்தது. அலுவலகம் விட்டால் பேச ஆளில்லை. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'ஞாயிறு காலை மலை நடை' என்று பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். தை மாதம், நல்ல பனி.

அன்று விடியற்காலை ஏறிய ஆட்டோவில் மலை என்றதும் ஆட்டோக்காரர் சிரித்தார். "தஞ்சாவூர்ல ஏதும்மா மலை? வல்லத்துக்குப் பக்கத்துல செம்மண் மேடு இருக்கு, அதத்தான் சொல்லியிருப்பாங்க." புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் இருக்கும்; இருநூறு ரூபாய் வாங்கினார்.

ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். போய்வர நான்கு கிலோமீட்டர். இருபுறமும் முந்திரியும் தைலமரமும். தொலைவில் எங்கோ சம்பா அறுக்கப் போகும் மெஷினின் சத்தம். எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். எனக்கும் பின்னால் ஒருவர் வந்தார். அடுத்த தெரு யூசுப் பாய். துபாயில் கடை வைத்திருந்தவர். மனைவி போனபின் தனியாக இருப்பதாகச் சொன்னார்.

பாதி ஏற்றத்தில் அவர் பேச்சு நின்றது. திரும்பினால், ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது.

"பாய், என்ன செய்யுது?"

"சுகர்... மாத்திரை போட்டேன், சாப்பிடல."

குழுவை நடத்துபவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. முன்னே போனவர்களைக் கூப்பிட்டுக் கத்தியும் பார்த்தேன்; யாருக்கும் கேட்கவில்லை. பையைக் கொட்டியபோது ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் விழுந்தது. உடைத்து உடைத்து வாயில் வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

அப்போது குழுவில் படம் வந்தது: 'அனைவரும் உச்சியில்!' அவரிடம் காட்டினேன்.

"நம்மளக் காணோமேம்மா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இங்கயே விழுந்து கெடந்தாலும் தேடியிருக்க மாட்டாங்க. நல்லவேளை, நீங்க இருந்தீங்க," என்றார்.

அவரை ஆட்டோவில் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தேன்.

"மகன் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டான்மா. இங்க மொட்டை மாடியிலதான் நடக்குறேன். நீங்க நடக்குறத விட்டுடாதீங்க."

போக நினைப்பவர்களுக்கு: பங்குனிக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. மேலே கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். நான் இப்போதும் போகிறேன். இன்னும் அங்கே எனக்கு யாரும் பழக்கமாகவில்லை. வேகமாக நடக்க முடிந்தாலும், எல்லோரும் கடந்துபோகும்வரை நின்று, பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.